வடிகட்டாத காற்று

என் அக்கா வீட்டுக்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எனக்கும் மூக்கில் வேலை உண்டு, ஆனால் நான் பார்ப்பது பிரேம் சரியாக உட்காருமா என்று. அவர் பார்ப்பது உள்ளே போகிற காற்று போதுமா என்று. இருபத்தொன்பது வருடமாக அவர் பார்க்கிற உத்தியோகம் அப்படி.

சலவைத்தூளில் கலக்கிற என்சைம் செய்யும் கம்பெனியில் அவர் டேங்க் ஆபரேட்டர். சட்டையில் முட்டைக் கறையோ ரத்தக் கறையோ பட்டால் அதை அரித்துத் தீர்க்கிற சமாச்சாரம் அது. அதைச் செய்வது மனிதர்கள் அல்ல, பாக்டீரியா. மூன்று ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டேங்க், அதற்குள் இருபதாயிரம் லிட்டர் கஞ்சி மாதிரி ஒரு கரைசல், அந்தக் கஞ்சிக்குள் எண்ணி மாளாத பாக்டீரியா. அவை தின்னும், பெருகும், என்சைமைக் கக்கும். இவ்வளவும் நடக்க அவை மூச்சு விட வேண்டும். கஞ்சிக்குள் மூச்சு விடுவது எவ்வளவு சிரமம் என்று அத்தானிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் ஒரு தடவை ஸ்டேஷனில் வைத்துக் கேட்டு, ரயிலைத் தவறவிட்டேன்.

"காத்து தண்ணில லேசுல கரையாது மச்சான். சர்க்கரைன்னு நினைச்சியா, கரண்டி கரண்டியா போட்டு வைக்க? கரையறதே துளியூண்டு. கம்ப்ரசர் நின்னுச்சுன்னா பத்து செகண்டு, உள்ள இருக்கறதெல்லாம் காலி. அதுக்கப்புறம் அதுங்க என்சைம் குடுக்காது. புளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

அதனால் டேங்கின் அடியில் ஓட்டை போட்ட குழாய் வழியே காற்றை ஊதுகிறார்கள். நடுவில் ஒரு பெரிய விசிறி சுற்றிச் சுற்றிக் குமிழியை உடைக்கிறது. பெரிய குமிழி மேலே ஓடி வெடித்துவிடுமாம், சின்னக் குமிழிதான் நின்று நிதானமாகக் கரையுமாம். கஞ்சி மொத்தமும் விசிறியோடு சேர்ந்து ஒரே பக்கமாகச் சுற்றினால் கலக்கவே கலக்காது. அதனால் டேங்கின் சுவரில் நான்கு பக்கமும் நான்கு தகடு நிறுத்தியிருக்கிறார்கள். கஞ்சிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர். அந்த அளவுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆபரேட்டர்கள் அதை 'மூச்சு' என்பார்கள்.

அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு அவரைத் தேடி கம்பெனியிலிருந்து போன் வந்தது. அத்தான் பேசியதை மட்டும் நாங்கள் கேட்டோம். "மூச்சு எவ்வளவு? பன்னெண்டா? சாப்பாட்ட உடனே நிறுத்து. எண்ணெயை யாரு ஊத்தச் சொன்னது? சரி, போனது போகட்டும். இன்னும் பத்து நிமிஷம் பாரு, ஏறலன்னா கைய விட்டுடு." அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினபோது என் அம்மா வெள்ளைப் புடவைக்கு மாறி வாசலில் நின்று, எந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும் சாகல அத்தை. மூணாம் நம்பர் டேங்க். நுரைய அடக்கறேன்னு எண்ணெயை ஊத்திட்டானுங்க," என்றார் அத்தான்.

அம்மா கடைசிவரை நம்பவில்லை. மூணாம் நம்பர் டேங்க் என்பது யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷனின் பட்டப்பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஆளோடு குடும்பம் நடத்துவது லேசில்லை என்று அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அவருக்கு வாழ்க்கையில் பயம் இரண்டே இரண்டு. ஒன்று, மூச்சு இறங்குவது. இன்னொன்று, வேண்டாத கிருமி ஒன்று உள்ளே நுழைவது. ஒரே ஒரு காட்டுக்கிருமி புகுந்தால் போதும், இருபதாயிரம் லிட்டரையும் கொதிக்கவைத்துச் சாக்கடையில் விட வேண்டியதுதான். ஆகவே காற்று வேண்டும், அதுவும் வடிகட்டின காற்று வேண்டும். சினிமா தியேட்டரில் எத்தனை தலை என்று எண்ணாமல் உட்கார மாட்டார். வீட்டில் ஜன்னலைத் திறந்தால் புழுதி வருகிறது என்பார், மூடினால் மூச்சு இறங்குகிறது என்பார். கடைசியில் ஜன்னலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த திரை ஒன்றை அக்கா தலையில் கட்டினார். அதைத் துவைக்கிறது யார்? அக்காதான்.

அவருக்கு ஒரே மகள். நூலகத்தில் வேலை. சத்தமில்லாத வேலையைப் பார்த்து எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன், வீட்டில் கேட்டது போதும் என்று. நில அளவைக்காரர் ஒருவர் நூலகத்துக்கு வரைபடம் தேடி வந்து, வரைபடம் கிடைத்த பிறகும் வந்துகொண்டிருந்தார். இரண்டு வீட்டிலும் பேசி முடிவாயிற்று. முடிவான பத்தாம் நிமிடத்தில் அத்தான் காரியத்தைக் கெடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா பேசும்போது மூக்கடைத்த குரலைக் கேட்டுவிட்டு, "தூங்கறப்ப வாயாலதானே மூச்சு விடறீங்க? எத்தனை வருஷமா?" என்று, எட்டுப் பேருக்கு முன்னால், பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருவர் இருந்தார். கோர்ட் வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே ஓய்வு பெற்றவர். பீரோ மாதிரி உடம்பு, அதற்கேற்ற தொண்டை. அந்த வீட்டில் அவர் சரி என்றால் சரி. அவர் எழுந்து, "சோப்புத்தூள் சம்பந்தம் நமக்கு ஒத்து வராது," என்றார். அந்தச் சுவரைக் கரைக்க என் அக்கா மகளுக்கு நாலு மாதம் பிடித்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் அப்பாவை என் கடைக்கு அழைத்துவந்தாள். சாட்சிக்கு நான்.

"அப்பா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் டேங்கை வீட்டுல விட்டுட்டு வாங்க. மூச்சு, காத்து, எதுவும் பேசக் கூடாது. அவங்க பெரியப்பா இன்னொரு தடவை கோச்சுக்கிட்டு எழுந்தாருன்னா அவ்வளவுதான், கல்யாணம் கிடையாது. சொல்லிட்டேன்."

"ஒரு வார்த்தை பேச மாட்டேம்மா," என்றார் அத்தான்.

அவள் முகத்தை நான் பார்த்தேன். அப்பாவிடம் இப்படிக் கேட்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள், எனக்கு அவள் மேல் வருத்தம் இல்லை. நானாக இருந்தால் அவரை மூணாம் நம்பர் டேங்கிலேயே கட்டிப்போட்டிருப்பேன்.

கல்யாணம் இரண்டாம் மாடியில், ஏசி போட்ட ஒரு சின்ன ஹாலில். ஜன்னல்கள் எல்லாம் திறக்க முடியாத ஒரே கண்ணாடி. பதிவாளரம்மா பன்னிரண்டு மணிக்கு அங்கேயே வந்து கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு, அதன் பிறகு சாப்பாடு. கூப்பிட்டது நூற்றியிருபது பேரை. பதினொன்றரை மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் விளக்குகளையும் மேடை விசிறியையும் மட்டும்தான் தாங்கியது. பதிவாளரம்மா வழியில் தண்ணீர் தேங்கி மாட்டிக்கொண்டதாகப் போன் செய்தார். பெரியவர்களுக்குப் பசி என்று, கையெழுத்துக்கு முன்னாலேயே பந்தியைப் போட்டுவிட்டோம்.

அத்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். புதுச் சட்டை, வாரின தலை, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார்.

"நூத்தி எண்பத்தாறு," என்றார்.

"என்னது?"

"தலை."

"சந்தோஷம்தானே அத்தான், நிறைய பேர் வந்திருக்காங்க."

"சந்தோஷமா?" என்று என் மூக்கைப் பார்த்தார். நான் அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து ஒரு கோடு போட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீட்டர் இல்லாத இடத்தில் அந்த மனுஷன் கொட்டாவியை வைத்து மூச்சை அளந்துகொண்டிருக்கிறார். நிமிடத்துக்கு எத்தனை கொட்டாவி என்று நாலு நிமிடமாகக் குறித்திருந்தார்: நாலு, ஏழு, பதினொன்று, பத்தொன்பது. கொட்டாவிக்கும் ஆக்சிஜனுக்கும் சம்பந்தமே இல்லை என்று பின்னால் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். ஒருவர் விட்டால் அடுத்தவருக்கும் வரும் என்பதுதான் அதில் உள்ள விஷயம். இவரோ ஒவ்வொருவர் முகத்துக்கும் எதிரே போய் நின்று வாயையே உற்றுப் பார்க்கிறார். பார்க்கப்பட்டவன் கொட்டாவி விடாமல் என்ன செய்வான்? மாப்பிள்ளை வீட்டு வரிசை முழுக்க வாயைப் பிளந்தது.

"அத்தான், பொண்ணுகிட்ட வாக்கு குடுத்திருக்கீங்க," என்றேன்.

"நான் ஏதாவது பேசினேனா?" என்றார். பேசவில்லை, உண்மைதான். பேசியிருந்தால்கூடத் தேவலை. நேரே சமையலறை வாசலுக்குப் போய், இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாடு எடுத்து வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

டேங்கில் மூச்சு இறங்கினால் ஆபரேட்டர் செய்கிற முதல் காரியம் தீனியை நிறுத்துவது. வயிற்றுக்குள் போகப் போகத்தான் பாக்டீரியா வேகமாக மூச்சு வாங்கும். தீனியை நிறுத்திவிட்டுக் கலக்கும் விசிறியின் வேகத்தை ஏற்ற வேண்டும், மூச்சு ஏறின பிறகு மறுபடி தீனி. இருபத்தொன்பது வருடமாக அந்தக் கைக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் இலையில் பாதி சாப்பாட்டோடு உட்கார்ந்திருக்கிற சம்பந்தி வீட்டாருக்கு அது எப்படித் தெரியும்? பெண்ணைப் பெற்றவர் பரிமாற விடாமல் வழியை மறிக்கிறார். அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

பெரியப்பா கையைக் கழுவாமலேயே எழுந்தார். கோர்ட் வாசலில் கூப்பிடுகிற அதே குரலில், மூன்று தடவை, "பொண்ணோட அப்பா... பொண்ணோட அப்பா... பொண்ணோட அப்பா," என்று கூப்பிட்டார்.

அத்தான் நிலையை விடாமல், "இங்கதான் இருக்கேன் சம்பந்தி," என்றார்.

"எங்களுக்குச் சோறு போட மனசு இல்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். இன்னும் கையெழுத்து ஆகல. எல்லாரும் கிளம்புங்க."

தொண்ணூறு பேர் எழுந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. அக்கா என் கையைப் பிடித்தாள், அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. இந்த அழகில் அத்தான் முகம் மலர்ந்தது. ஜனங்கள் எழுந்து நடக்கிறார்கள் அல்லவா, அவருக்கு அது கலக்கல். "அப்படித்தான், நடங்க, நல்லா நடங்க," என்றார். கிளம்புகிறவர்களைப் பார்த்து நல்லா நடங்க என்று சொன்ன பெண்வீட்டுக்காரர் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

ஆனால் மாடிப்படி வாசலில் மழைக்கு ஒதுங்கினவர்கள் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் போனவர்கள் திரும்பினார்கள், பின்னால் வந்தவர்கள் மோதினார்கள். அந்த நெரிசலுக்குள் என் அக்கா மகள் மேடையை விட்டு இறங்கி அப்பாவிடம் போனாள். போச்சு, கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அத்தானும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் எதுவும் பேசலம்மா," என்றார்.

அவள் அவர் பையிலிருந்த நோட்டை எடுத்துப் பார்த்தாள். கோடு கோடாக நாலு பக்கம். கடைசி வரியில் முப்பத்தொன்று. அதற்குக் கீழே, 'மாப்பிள்ளையின் அம்மா மூக்கடைப்பு, முதலில் அவரை விசிறிக்குக் கீழே உட்கார வைக்கவும்' என்று எழுதியிருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில், கல்யாணப் புடவையோடு, ஏறி நின்றாள்.

"பெரியப்பா, ஒரு நிமிஷம். எங்கப்பா சோறு போட மனசில்லாம நிறுத்தல. அவருக்கு எல்லாரோட மூச்சும் தன் பொறுப்புன்னு ஒரு நினைப்பு. முப்பது வருஷமா அப்படித்தான். அது தப்புன்னா, நானும் அந்த வீட்டுப் பொண்ணுதான்." நோட்டை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினாள். "புழுங்குதா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

பெரியப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது கொட்டாவி. சும்மா இல்லை, கோர்ட்டுக்கே கேட்கிற கொட்டாவி.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா, அதுவும் மூக்கால். அவர் சிரித்ததும் மாப்பிள்ளைக்குத் தைரியம் வந்தது. "இப்ப என்ன செய்யணும் மாமா?" என்றார்.

அத்தான் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "நடக்கணும் மாப்பிள்ளை. எல்லாரும். விசிறிக்கிட்ட இருக்கற காத்து மூலைக்குப் போகணும், மூலைல இருக்கறது விசிறிக்கிட்ட வரணும். உக்காந்தே இருந்தா வராது."

மாப்பிள்ளை நடந்தார். அவர் பின்னால் அவர் அம்மா, அக்கா, நான், என் பெண்டாட்டி, புகைப்படக்காரர், எச்சில் கையோடு சித்தப்பாக்கள். ஹாலைச் சுற்றி நூற்றுக்கும் மேல் ஜனம் நடந்தது. இரண்டு சுற்று முடியவில்லை, அத்தான் கத்தினார்: "ஒரே பக்கமா சுத்தறீங்க, கலக்கவே இல்லை. சுவத்துல நாலு பேர் வேணும். நல்ல உடம்பா."

எல்லோர் கண்ணும் பெரியப்பா மேல் போயிற்று. அவர் ஒருத்தர்தான் நடக்காமல் நின்றிருந்தார். கோபம் இன்னும் முழுக்க இறங்கவில்லை, ஆனால் பதவி ஒன்று காலியாக இருக்கிறது. ஓய்வு பெற்ற மனுஷன் எத்தனை நேரம் தாங்குவார்?

"நான் எங்க நிக்கணும்?" என்றார்.

அவரை வடக்குச் சுவரில் நிறுத்தினார்கள். மற்ற மூன்று சுவருக்கும் மூன்று தடித்த உறவுக்காரர்களை அவரே பேர் சொல்லிக் கூப்பிட்டார். சுற்றி வந்த கூட்டம் அவர் வயிற்றில் மோதித் திரும்பி நடுவுக்குப் போயிற்று. அத்தான் நோட்டைப் பார்த்து, "இருபத்திநாலு. ஏறுது. இறங்குது. அதாவது, கொட்டாவி இறங்குது, மூச்சு ஏறுது," என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

பதிவாளரம்மா நனைந்த குடையோடு உள்ளே வந்தபோது கண்ட காட்சி இதுதான். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கினார். அங்கே மொட்டைமாடிக்குப் போகிற ஒரு பெரிய இரட்டைக் கதவு இருந்தது.

"இதைத் திறந்தா என்ன?" என்று கேட்டார்.

ஹால் காவலாளி முன்னால் வந்தார். "சாவி பொண்ணோட அப்பாகிட்டதாங்க இருக்கு. காலைலயே பூட்டி வாங்கிக்கிட்டாரு."

நடந்துகொண்டிருந்த எல்லோரும் நின்றார்கள். வடக்குச் சுவரிலிருந்து பெரியப்பா மெதுவாகத் திரும்பினார். இந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வெளிக்காத்து," என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு. "புழுதி, கிருமி, வடிகட்டாதது. உள்ள விட்டா எல்லாம் கெட்டுப்போயிடும்னு..." பாதியில் நிறுத்திவிட்டார். நூற்றி எண்பத்தாறு பேர் நிற்கிற இடம் டேங்க் அல்ல, கல்யாண ஹால் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வயதில் ஒருவர் முகம் அப்படிச் சிறுத்துப்போவதை நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

மகள் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார். அவள் போய்க் கதவைத் திறந்தாள். ஈரக்காற்று ஒரேயடியாக உள்ளே பாய்ந்தது, இலைகள் புரண்டன, ஜனங்கள் ஓவென்று மொட்டைமாடிக்கு ஓடினார்கள். சமையலறையிலிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. "பரவாயில்லை சம்பந்தி, எங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் இருக்கு," என்றார் பெரியப்பா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பதிவாளரம்மாவின் காகிதங்கள் பறந்தன. அவற்றைத் துரத்திப் பிடித்து மேசையில் வைத்தோம், மறுபடி பறந்தன. அத்தான் வந்து இரண்டு உள்ளங்கையாலும் காகிதத்தை மேசையோடு அழுத்திக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மகள் பேனாவோடு குனிந்தாள். அவள் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவர் கை இருந்தது.

"கையை எடுங்கப்பா, எழுதணும்."

"எடுத்தா பறந்துடும்மா."

காகிதத்தைத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். அவள் பேனாவை வைத்துவிட்டு அவர் கைமேல் தன் கையை வைத்தாள். என் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு மகள் அவருடைய சுண்டுவிரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே இருந்த கோட்டில் தன் பெயரை எழுதினாள்.